மறுபக்கம் போன முடிச்சு

அன்பு மகள் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு அந்த முழங்கால் வலியைத் தவிர, எனக்கு அப்பாவைத் தவிர. நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் போனை வைத்துவிட்டுச் சொல்கிறார், ஆனால் எனக்கு அது போதவில்லை, உன் கையால் நீ எழுதி நான் படிக்க வேண்டும். கவர் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டுவிடுவாய் என்று அப்பா சொல்கிறார். போட மாட்டாய். நீ என் வயிற்றில் பிறந்தவள், கோபத்துக்கும் ஆர்வத்துக்கும் சண்டை வந்தால் உன்னிடம் ஆர்வம்தான் ஜெயிக்கும். ஒன்றே ஒன்று, பிரித்துவிட்டாய் என்றால் கடைசி வரை படித்துவிடு, நடுவில் கிழித்துப் போடாதே.

முதலில் வீட்டுச் செய்தி, அதைச் சொல்லாமல் எனக்குக் கை ஓடாது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறதாம், அதுதான் நமக்குத் தொல்லை, கட்டுப் பிரித்த கையோடு வந்து நம் சமையலறை மூலையில் ஒட்டடை தொங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னாள். உன் அறைச் சுவரில் ஈரம் ஏறுகிறது, உன் புத்தகங்களையெல்லாம் எடுத்து எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஒன்றையும் யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை, பயப்படாதே. அப்பா ரிட்டையர் ஆனாரே தவிர பஸ் டிப்போவை மனதிலிருந்து இறக்கி வைக்கவில்லை, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவில் போகிற பஸ்ஸுக்கெல்லாம் வியாதி சொல்கிறார், 'இவனுக்கு பிரேக் தேஞ்சிடுச்சு, இவன் இந்த மாசம் தாங்க மாட்டான்' என்று. அவர் சொன்ன மாதிரியே ஒன்று போன வாரம் நம் தெருமுனையில் நின்றுபோனது. அன்று முழுக்க அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. பஸ் நின்றதற்கு ஒரு மனுஷன் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று கேட்டேன், 'நின்னதுக்கு இல்லடி, சொன்னதுக்கு' என்றார். எனக்குச் சுருக்கென்றது. சொன்னது நடந்தால் சந்தோஷப்படலாம் என்கிற வேலையில் அவர் இருந்தார். என் வேலை அப்படி இல்லை.

கீழ்க்கடைத் தையற்காரர் உன்னை விசாரித்தார். கடை கீழே, வீடு ஐந்தாவது மாடியில் என்று இருக்கிற மனிதர். மூன்று வருடத்துக்கு முன் நீ இங்கே மின்வாரியக் கண்ட்ரோல் ரூமில் இருந்துகொண்டு பாதி ஊருக்கு மின்சாரத்தை நிறுத்தினாயே, அப்போது லிப்டுக்குள் மாட்டிக்கொண்டு, வேர்த்து மயங்கி, கதவைப் பெயர்த்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள். ஆள் கெட்டிதான், பிழைத்துக்கொண்டார், இன்றைக்கும் அப்பாவுக்குக் கால்சட்டையைக் குட்டையாகத்தான் தைத்துக் கொடுக்கிறார். ஆனால் அன்றிலிருந்து நான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் கடை வாசலில் ஊசியும் நூலுமாக நின்றுகொண்டு, 'என்னம்மா, இன்னைக்கு லிப்டுல போலாமா, இல்ல சூரியன்ல ஏதாச்சும் கோளாறா?' என்று கேட்பார். மாடிப்படியில் விளையாடுகிற பிள்ளைகள் அதைக் கேட்டு 'புலியம்மா, புலியம்மா' என்று கத்தும். புலி வருது புலி வருது என்று சொன்னவளாம் நான். நானும் சிரித்துக்கொண்டே போவேன், மூன்று வருடமாகச் சிரித்துப் பழகிவிட்டது. இந்தத் திங்கட்கிழமை அவர் வழக்கம்போலக் கேட்டார். 'வேணாம்ணே, கொஞ்ச நாளைக்குப் படியிலயே ஏறுங்க' என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பல்லில் கடித்த நூல் கடித்தபடியே இருக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளும் அன்று கத்தவில்லை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், மறுபடியும் சூரியன் பேச்சுதான். 'அந்தப் பேச்சை எடுத்தா அந்த நிமிஷமே போனை வெச்சிடுவேன்' என்று நீ அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாய், அவரும் இருக்கிற ஒரே கயிறும் அறுந்துவிடக் கூடாதென்று வாயே திறப்பதில்லை. சூரியனை நான் பார்க்கிற ஆய்வகத்திலும், அன்று மின்சாரம் நின்றதற்கான விசாரணை முடிந்த கையோடு ஒரு விதி போட்டுவிட்டார்கள், கணிப்பு பற்றி மின்வாரியத்தில் இருக்கிற எவரோடும் இங்கிருப்பவர்கள் போனில் பேசக்கூடாதென்று. விதி போட்டவர்கள் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இந்தக் காலத்தில் எவள் உட்கார்ந்து கடிதம் எழுதப்போகிறாள் என்று விட்டிருப்பார்கள். அதனால் எழுதுகிறேன். இதற்காக என்னை வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும், ஜன்னலோரம் இன்னொரு நாற்காலிக்கு இடமிருக்கிறது.

அன்று நடந்ததை உனக்கே திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் நீ ஒருமுறைகூட என்னைப் பேச விடவில்லை என்பதால் இப்போது பேசிவிடுகிறேன். 'சூரியன்லேர்ந்து பெருசா ஒரு மேகம் கிளம்பியிருக்கு, நாளைக்கு மதியம் வந்து இடிக்கும்' என்று நான் சொன்னேன். எங்கள் ஆய்வகத்தின் அறிவிப்பு நடுத்தரம் என்றுதான் சொன்னது. நீ அறிவிப்பை விட்டுவிட்டு அம்மாவை நம்பினாய், கருவியில் முதல் அசைவு தெரிந்ததுமே பெரிய டிரான்ஸ்பார்மர்கள் கருகிவிடக் கூடாதென்று லைனை நிறுத்தினாய். வந்தது. குட்டி, அது வந்தது, நான் சொன்ன அளவில் வந்தது. ஆனால் அந்த மேகம் கொண்டுவந்த காந்தம் நம் பூமியின் காந்தம் பார்க்கிற பக்கமே பார்த்துக்கொண்டு வந்தது. அப்படி வந்தால் பூமியின் தாழ்ப்பாள் திறக்காது, உரசிக்கொண்டு வழியே போய்விடும். எதிர்ப்பக்கம் பார்த்து வந்திருந்தால் திறந்திருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து வருகிறது என்பது வாசலுக்கு வந்த பிறகுதான், நமக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிற விண்கலத்தைத் தாண்டும்போதுதான் தெரியும், அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட கையில் இருக்காது. விசாரணையில் 'புயல் எங்கேம்மா?' என்று கேட்டார்கள், நான் இதைச் சொன்னேன், எல்லோரும் தலையை ஆட்டினார்கள், உன்னைத் தூக்கி அந்தக் கோடிக்கு மாற்றினார்கள். 'உன்ன நம்பினதுதாம்மா நான் செஞ்ச தப்பு' என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு நீ இறங்கிப் போனாய். நான் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. எனக்குக் கோபம்தான் இருக்கிறது, சூரியன் மேலா உன் மேலா என்று தெரியவில்லை.

சரி, இப்போது என்ன என்று கேட்பாய். நான் காலையில் குவிமாடத்தைத் திறக்கும் முன் முற்றத்தில் நின்று கையை நீட்டிக் கட்டைவிரலால் சூரியனை மறைத்துப் பார்ப்பேனே, நினைவிருக்கிறதா? விரலைச் சுற்றி வானம் நீலமாகவே இருந்தால் அன்று வேலை ஓடும், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஓடாது. நீ சின்னப் பெண்ணாகப் பக்கத்தில் நின்று இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து நீட்டுவாய், ஒன்று போதாதாம். உள்ளே போனாலும் அதே வேலைதான், விரலுக்குப் பதிலாக ஒரு சின்ன உலோகத் தட்டு, சூரியனின் முகத்தை மூடிவிட்டு அதைச் சுற்றியிருக்கிற மெல்லிய ஒளியை மட்டும் பார்ப்பது. அதற்குக் கொரோனா என்று பெயர், அதே பெயரில் நோய் வந்த பிறகு வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அத்தையின் மருமகள் இன்னமும் நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அடுப்பை விட்டுத் தள்ளிப் போகப் போகச் சூடு குறைவதுதான் வழக்கம், அங்கே தலைகீழ். சூரியனின் பரப்பில் ஆறாயிரம் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு வெளியே இருக்கிற இந்தப் போர்வையில் பத்து லட்சத்துக்கு மேல். அது எப்படி என்று முழுதாக இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை, அந்தச் சூட்டுக்கான செலவைக் காந்தம்தான் கொடுக்கிறது என்பது மட்டும் தெரியும். செலவு செய்தது போக மீதியை அது சேர்த்தும் வைக்கும். காந்தக் கோடுகள் வளைவு வளைவாக எழும்பி நிற்கின்றன, இரண்டு காலும் கொதிக்கிற பரப்பில் ஊன்றியிருக்கிறது, கொதிப்பு ஒரு காலை இந்தப் பக்கம் இழுக்கிறது, மற்றதை அந்தப் பக்கம் தள்ளுகிறது, மேலே வளைவு முறுக்கேறிக்கொண்டே போகிறது. பூங்கா ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு இரண்டு சங்கிலியையும் பின்னிப் பின்னி முறுக்குவாயே, கால் தரைக்கு எட்டாத உயரம் வரைக்கும், நான் தூரத்திலிருந்தே 'விடாதடி, தல சுத்தி விழுவ' என்று கத்துவேன். முறுக்குகிற வரை சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாத நேரம்தான் எனக்கு அன்றும் பயம், இன்றும் பயம்.

போன இரண்டு வாரமாகச் சூரியனின் முகத்தில் அப்படி ஒரு இடம் ஊர்ந்து போனது. எங்கள் பதிவில் அதற்கு ஒரு எண் இருக்கிறது, நான் முடிச்சு என்று பெயர் வைத்திருக்கிறேன். மற்ற இடங்களெல்லாம் சில்லறைச் சில்லறையாக வெடித்துத் தீர்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் வாயைத் திறக்கவில்லை, நாளுக்கு நாள் முறுக்கு மட்டும் ஏறியது. கொஞ்சம் வெடித்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சூரியன் சுழல்கிறதல்லவா, அதோடு இதுவும் நகர்ந்து மேற்கு விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தது, அங்கே போனால்தான் என் தட்டுக்கு வெளியே பக்கவாட்டில் உயரமாகத் தெரியும். திங்கட்கிழமை காலை வானம் விரலைச் சுற்றி அப்படியொரு நீலம். பார்த்தேன். வளைவு மேல் வளைவாக எழும்பி நிற்கிறது, அதன் அடியில் குளிர்ந்த மேகம் ஒன்று கட்டிப் போட்ட மாதிரி அசையாமல் தொங்குகிறது, அதற்கு மேலே ஒரு இருட்டுக் குழி. ஒளியின் அதிர்வு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் காந்தம் எப்படி ஓடுகிறது என்று கணிப்போம், கணித்தேன், குழியைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, கயிறு திரித்த மாதிரி. இத்தனை வருட வேலையில் இவ்வளவு இறுக்கமாக ஒன்றை நான் பார்த்ததில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள், இங்கே கனம் அதன் மடியில், பயம் நமக்கு. மறுநாள் அது அப்படியே, ஒன்றையும் அவிழ்க்காமல், மறுபக்கம் இறங்கிவிட்டது.

இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், அவரைத் திட்ட எனக்கு மனமில்லை. நெடுநேரம் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி பார்த்தார். 'எனக்கும் பிடிக்கலம்மா இது. ஆனா கண்ணுக்குத் தெரியாத பக்கம் இருக்கிறதுக்கு எப்படி எச்சரிக்கை விடுறது? சுத்தி முன்னாடி வரட்டும், ரெண்டு பேரும் பார்த்துக் கையெழுத்துப் போடுவோம்' என்றார். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொண்டால்தான் எச்சரிக்கை போகும் என்பது எங்கள் வழக்கம், நல்ல வழக்கம்தான், என்னைப் போன்ற புலியம்மாக்களுக்காகப் போட்டது. அவர் சொல்வதில் பிழையில்லை. அது கிழக்கு விளிம்பில் ஏறி வந்த பிறகு நடு முகத்துக்கு வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் அறிவிப்பு போய்விடும், உன் மேசைக்கும் வந்துவிடும். ஆனால் நான் உன்னிடம் கேட்கப்போகிற காரியத்துக்கு அந்த ஒரு வாரம் போதாது. முடிச்சு மறுபக்கத்தைச் சுற்றி வர ஆகிற இரண்டு வாரத்துக்குள் ஒரு கடிதம் உன் ஊர் வந்து சேர்ந்துவிடும், அந்த ஒரு நன்மையைத்தான் அது எனக்குச் செய்திருக்கிறது.

காரியத்தைச் சொல்கிறேன், பதறாமல் கேள். உன்னை எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று அப்பா சொன்ன அன்றே வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தேன், பார்த்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. மலை அணையிலிருந்து கடற்கரை வரை ஓடுகிற அத்தனை நீள லைனின் கடைசி முனை நீ இருக்கும் சப்ஸ்டேஷன். கீழே முழுக்கக் கருங்கல் பாறை, பக்கத்தில் கடல். பூமியின் காந்தம் உலுக்கப்படும்போது தரைக்குள் மின்சாரம் ஓடும், பாறை அதற்கு வழிவிடாது, அது சுலபமான வழி தேடி எர்த் கம்பி வழியாக டிரான்ஸ்பார்மருக்குள் ஏறும், லைன் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஏறும், முனையில்தான் முதலில் ஏறும். இது நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை, நீ படித்ததுதான். என் பேச்சைக் கேட்டதற்குத் தண்டனை என்று உன்னை அனுப்பினார்கள், குட்டி, தேடிப் பிடித்த மாதிரி அது வந்தால் முதலில் இறங்குகிற இடத்துக்கே அனுப்பியிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்தது இல்லை, அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஊருக்கு மின்சாரத்தை நிறுத்து என்று நான் கேட்கவில்லை. இனி ஒருநாளும் கேட்க மாட்டேன். நான் கேட்பது ஒரு முள்ளைப் பற்றி. போன மாதம் நீ அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னாயாம், பெரிய டிரான்ஸ்பார்மரின் எர்த் கம்பியில் மாட்டியிருக்கிற மீட்டர் செத்துப் பல காலம் ஆகிறது, முள் பூஜ்யத்திலேயே தூங்குகிறது, எழுதிக் கேட்டால் பொருள் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், எவருக்கும் அது தேவைப்படவில்லை என்று. அந்த மீட்டரைச் சரி செய். லாரி வாரத்துக்கு ஒருமுறைதான் உன் பக்கம் வருகிறது என்பதும் தெரியும், அதனால்தான் அவசரம். தலைமை அலுவலகத்தில் கேள், தரவில்லை என்றால் பக்கத்து சப்ஸ்டேஷனில் கெஞ்சிக் கேள், அங்கேயும் இல்லையென்றால் உன் சாமர்த்தியத்தால் ஏதாவது ஒன்றைக் கட்டி வை, பத்து வயதில் என் பழைய கருவியைப் பிரித்து மேய்ந்தவள்தானே நீ. சூரியன் என்று ஒரு வார்த்தை சொல்லாதே, பழுதான மீட்டரைச் சரி செய்தாள் என்று உன்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிட முடியாது. முள் உயிரோடு இருந்தால் போதும். அது எழுந்தால் நீ உன் கண்ணால் பார்ப்பாய், என்ன செய்ய வேண்டுமோ நீ முடிவு செய்வாய், அந்த முடிவில் அம்மாவின் பெயர் எங்கும் வராது. என்னை நம்பு என்று நான் இனிக் கேட்கப்போவதில்லை. உன் கண்ணை நீ நம்பினால் சரி.

இன்னொன்று, இது உத்தரவு. டிரான்ஸ்பார்மரின் மேல் உள்ளங்கையை வைத்து அதன் முனகலைக் கேட்டுப் பார்ப்பது உனக்கு வழக்கம், இங்கே இருந்தபோது நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், மாட்டைத் தடவுகிற மாதிரி தடவுவாய். முனகல் தடித்து, உறுமலாக மாறினால் அதன் பக்கம் போகாதே. உள்ளே இருக்கிற எண்ணெய் சூடேறினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். கை வைத்துப் பார்க்க வேண்டாம், கீழே வேலை செய்கிறவர்களையும் அனுப்ப வேண்டாம். அது கருகினால் புதிதாகச் செய்து கொண்டுவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், அதுவரை உன் ஊரில் அடுப்பு இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை, ஆஸ்பத்திரியில் விளக்கு இல்லை, எல்லாம் தெரியும் எனக்கு. ஆனால் டிரான்ஸ்பார்மரை இன்னொன்று செய்ய முடியும்.

இதுவரை எழுதி மடித்து வைத்து இரண்டு நாள் ஆகிறது. தபாலில் போடாமல் வைத்திருந்ததற்குக் காரணம், நேற்று அது வெடித்தது. மறுபக்கத்தில்தான், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. விண்கலப் படத்தில் சூரியனைச் சுற்றிலும் ஒரு புகை வளையம் விரிந்து எதிர்த்திசையில் போனது, அந்தப் பக்கம் யாருமில்லை, போகட்டும். ஆய்வகத்தில் எல்லோர் முகத்திலும் ஈயாடாமல் இருந்தது மாறி உயிர் வந்தது, இயக்குநர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து 'கனத்தை இறக்கி வெச்சிடுச்சும்மா, நீங்களும் இறக்கி வைங்க' என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா உடனே, 'அதான் தீர்ந்துடுச்சே, அப்புறம் எதுக்கு லெட்டரு? அவ இப்பத்தான் போன்ல நாலு வார்த்த சிரிச்சுப் பேசுறா, கெடுத்துடாத' என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றுகூட எடுத்தேன், உண்மையைச் சொல்கிறேன்.

இன்று காலை வேலைக்குப் போனதும் முதலில் அதைத்தான் பார்த்தேன். சூரியனுக்குள் ஓடுகிற அதிர்வுகளை வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் காந்தம் திரண்ட கரும்புள்ளி இருக்கிறதா இல்லையா என்று மங்கலாகத் தடவிப் பார்க்கிற வழி ஒன்று இருக்கிறது, சுவருக்கு அந்தப் பக்கம் தட்டிப் பார்ப்பது போல. வெடித்த பிறகு அந்த இடம் கரைந்திருக்க வேண்டும், குறைந்தது இளைத்தாவது இருக்க வேண்டும். இருக்கிறது, குட்டி. நம் கண்ணை விட்டுப் போனபோது இருந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது. கீழேயிருந்து புதுக் காந்தம் எழும்பி அதோடு சேர்ந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். நேற்று போனது அதற்குச் சில்லறை. இயக்குநரும் பார்த்தார், இன்று அவர் டீ வாங்கித் தரவில்லை, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால் கடிதம் வருகிறது. மறுபடியும் அது வராமல் போகலாம், வந்தாலும் தாழ்ப்பாள் திறக்காமல் உரசிக்கொண்டு போகலாம், அப்படிப் போனால் புலியம்மாவுக்கு இன்னும் மூன்று வருடம் பேர் நிலைக்கும், நிலைக்கட்டும், தையற்காரர் காலம் முழுக்கக் கேலி செய்யட்டும், நான் சிரித்துக்கொண்டே போவேன். அப்படியே ஆக வேண்டும் என்றுதான் இப்போது நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் சொன்னது நடக்கக் கூடாது என்று. அப்பாவிடம் மதியம் இதைச் சொன்னேன், இப்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, 'குடு, நானே போய்ப் போட்டுட்டு வரேன்' என்று வாசலில் நிற்கிறார். அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடற்காற்று ஈரம், காதை மூடாமல் வெளியே போகாதே. மீட்டரை மறக்காதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வருகிற வாரம்தான் அது கிழக்கு விளிம்பில் எட்டிப் பார்க்கும் என்று கணக்கு வருகிறது, ஆகவே படித்ததும் நாளைக்கு ஆகட்டும் என்று வைக்காதே. எந்தக் கனமும் உன் தலைமேல் இறங்காமல், எடுத்த வேலையெல்லாம் கைகூடி, உன் கோபம் தீர்ந்தோ தீராமலோ நீ நூறு வயசு நல்லா இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிடும்போது இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். முள் சரியாகிவிட்டது என்றால், பேச்சோடு பேச்சாகத் தையற்காரர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டாம், அப்பா எனக்கு வந்து சொல்லவும் வேண்டாம். இந்த மூன்று வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் அவர் தோளோடு ஒட்டிக்கொண்டு, போனில் காதை வைத்து, மூச்சு விடுவது உனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்கிறேன்.

உன்னைப் பெற்ற
புலியம்மா